சீனியே போடவில்லை, சர்க்கரை ஏன் ஏறுகிறது? – வாசகர் கேள்வி பதில்

சர்க்கரை அளவு, சாப்பாடு, நடை குறித்து வாசகர்கள் கேட்டவற்றை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் உள்ள இரத்தச் சர்க்கரை அளவுகள் எல்லாம் சிங்கப்பூர் மருந்தகங்களில் எழுதும் மில்லிமோல் கணக்கு. ஊரில் எடுத்த பரிசோதனைச் சீட்டில் மில்லிகிராம் கணக்கு இருந்தால் அதை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அங்கே 126 என்பது இங்கே 7.0. மாத்திரை, இன்சுலின் அளவை மட்டும் எதைப் படித்தும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

கேள்வி: வயது 61. தேநீருக்குச் சீனி போடுவதை நிறுத்தி 2 வருடம் ஆகிறது. பலகாரம் தீபாவளிக்கு மட்டும். காலையில் 4 இட்லி, மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், இரவில் 3 சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும். அப்படியும் போன மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 6.3, எச்பிஏ1சி 6.4 என்று வந்திருக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?
– வாசகி, ஈசூன்

பதில்: சீனியை விட்டது நல்ல காரியம், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரத்தத்தில் சேரும் சர்க்கரை சீனி டப்பாவிலிருந்து மட்டும் வருவதில்லை. அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோசாகத்தான் இரத்தத்துக்குப் போகிறது.

உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தர இட்லி ஒன்றில் ஏறக்குறைய 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து இருக்கும். நான்கில் 40க்கு மேல். மதியம் எவ்வளவு சாதம் என்று நீங்கள் எழுதவில்லை. கடையில் சோறு வைத்துத் தரும் சிறு கிண்ணத்தில் சுமார் 200 கிராம் சோறு பிடிக்கும், அதில் 55 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்தில் அது சுலபமாக 2 கிண்ணமாகி 110ஐத் தொட்டுவிடும். ஒவ்வொன்றும் 30 கிராம் மாவில் இட்ட 3 சப்பாத்தியில் 60க்கு மேல். அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. இரவில் சோற்றைத் தவிர்த்துவிட்டோம் என்று நினைத்து, மாவுச்சத்துக்கே மாவுச்சத்தைத் தொட்டுச் சாப்பிடுகிறீர்கள். மூன்று வேளையிலும் புரதமும் காய்கறியும் ஓரமாகவே இருக்கின்றன. தவறு இங்கேதான்.

பரிசோதனை எண்களுக்கு வருவோம். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை வந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 7.0ஐத் தொட்டால் நீரிழிவு. எச்பிஏ1சி என்பது கடந்த 2, 3 மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் விழுக்காட்டுக் கணக்கு; அது 6.1 முதல் 6.9 வரை வந்தால் சிங்கப்பூரில் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். உங்கள் மருத்துவரிடம் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதில் 7.8 முதல் 11.0 வரை முந்தைய நிலை, 11.1 முதல் நீரிழிவு. வெறும் வயிற்று அளவு சுமாராக இருந்தும் சாப்பிட்ட பிறகு எகிறுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களை இந்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கட்டத்திலிருந்து திரும்ப முடியும். அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பு, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. நம்மைப் போன்ற உடல்வாகுள்ளவர்களுக்கு அது பொருந்துமா என்ற கேள்விக்குச் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்வு பதில் சொன்னது. அதில் பங்கெடுத்தவர்களில் பலர் பெரிய பருமன் உடையவர்கள் அல்லர். சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதில் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

இனி தட்டு. சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் ஆரோக்கியத் தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு மீன், முட்டை, பருப்பு போன்றவை. அதை நம் சமையலுக்கு இப்படிக் கொண்டுவரலாம். காலையில் 2 இட்லி போதும். சாம்பாரைக் கிண்ணம் நிறையக் காயோடு வைத்துக்கொண்டு, கூட ஓர் அவித்த முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ. மதியம் சாதத்தை அந்தச் சிறு கிண்ணத்தால் ஒரு முறை மட்டும் அளந்து போட்டுக்கொண்டு, அதையே குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்கும் பங்கிடுங்கள். பொரியல் ஒன்று போதாது. புடலை, பீன்ஸ், முட்டைக்கோசு, கீரை, கத்தரி, வெண்டை என்று இரண்டு வகையாவது, இரண்டும் சேர்த்துத் தட்டில் பாதியை அடைக்க வேண்டும். உருளை, மரவள்ளி, சேனை, சோளம் ஆகியவை காய்கறிக் கணக்கில் வராது. அவை சோற்றின் பங்காளிகள். இரவில் 2 சப்பாத்தி, அதற்குக் கீரைக் கூட்டோ பனீரோ மீன் குழம்போ.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். காசு செலவில்லாத மாற்றம் இது. முதலில் பொரியல், அடுத்து பருப்போ மீனோ முட்டையோ, பாதித் தட்டு காலியான பிறகு சோறு. நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சோற்றின் குளுக்கோஸ் ஒரே மூச்சில் இரத்தத்தில் பாயாது. முதல் பிடியே நெய்ச்சோறாக இருந்து பழகியவர்களுக்கு இது ஒரு வாரம் விசித்திரமாக இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே நாளில் சோற்றைப் பாதியாக்கிவிட்டு, அந்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் விடுவார்கள். மாலை 4 மணிக்குப் பசி காதை அடைக்கும். முறுக்கு டப்பாவும் பிஸ்கட்டும் திறக்கும். சோற்றை வாரத்துக்குக் கால் கிண்ணமாகக் குறைத்து, குறைத்த அளவுக்கு மேலேயே காயும் பருப்பும் சேருங்கள். பழுப்பரிசி பிடிக்காவிட்டால் மூன்று பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு கலந்து, பழுப்பரிசியை மட்டும் முன்னதாக 1 மணி நேரம் ஊறவைத்துச் சேர்த்து வடியுங்கள். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மெதுவாகச் செரிக்கும்.

கேள்வி: டாக்சி ஓட்டுகிறேன். கோப்பிக்கடையில் ஒரு நாளைக்கு 4 தே தாரிக் குடித்துவிடுவேன். அதை விட்டால் தூக்கம் வருகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: தேநீரை விட வேண்டியதில்லை, டின் பாலைத்தான் விட வேண்டும். இனிப்பு டின் பால் ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 20 கிராமில், சுமார் 11 கிராம் சர்க்கரை. குவளைக்கு 2 கரண்டி ஊற்றினால் 22. நான்கு குவளைக்கு 88 கிராம். சாப்பாட்டில் எதைக் குறைத்தாலும் இது ஈடுகட்டவிடாது.

கடையில் சொல்லும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ‘தே’ என்றால் இனிப்பு டின் பால். ‘தே ஓ’ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. ‘தே சி’ என்றால் சீனி சேர்க்காத சுண்டிய டின் பால். ஆனால் கடைக்காரர் தனியாகச் சீனி போடுவார். ‘சியூ தாய்’ என்று சேர்த்தால் இனிப்புக் குறையும், போகாது. ‘கொசோங்’ என்றால்தான் சீனி இல்லை. பால் வேண்டும் என்பவர்களுக்கு ‘தே சி கொசோங்’ நல்ல தேர்வு, பால் இல்லாமல் பழகினால் ‘தே ஓ கொசோங்’. முதல் 2 வாரம் நான்கும் சியூ தாய், அடுத்த 2 வாரம் தே சி சியூ தாய், பிறகு கொசோங். நாக்கு பழக ஏறக்குறைய இவ்வளவு காலம் பிடிக்கும். ஒரே நாளில் கொசோங்குக்குத் தாவினால் மூன்றாம் நாள் பழைய குவளையே கைக்கு வந்துவிடும். இஞ்சி போட்ட தே அலியா மருந்து போன்றது என்று நினைத்துக் குடிப்பவர்கள் கவனிக்கவும்: அதிலும் அதே டின் பால்தான்.

பாட்டில் பானம் வாங்கினால் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் அது வந்தது. சிறு கடைகள் எல்லாவற்றிலும் பார்க்க முடியாது. சர்க்கரையை வைத்துச் சொன்னால், 100 மில்லியில் 1 கிராம் வரை ‘ஏ’, 5 வரை ‘பி’, 10 வரை ‘சி’, அதற்கு மேல் ‘டி’. கணக்கு 100 மில்லிக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். ‘பி’ எழுத்துள்ள 500 மில்லி பாட்டிலை முழுதாகக் குடித்தால் 25 கிராம் வரை உள்ளே போகும்.

வண்டி ஓட்டும்போது வரும் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகுவது, இரவில் நன்றாகக் குறட்டை விடுவது, பகலெல்லாம் அசதி, இவை சேர்ந்திருந்தால் தேநீர் தீர்வாகாது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் நீரிழிவோடு சேர்ந்து வருவது வழக்கம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சீனிக்குப் பதில் கருப்பட்டி, தேன் போடலாமா? கேழ்வரகுக் கஞ்சி சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே?
– வாசகி, செங்காங்

பதில்: வெல்லம், கருப்பட்டி, தேன், பழுப்புச் சீனி எதுவும் சீனிக்கு மாற்று இல்லை. அவற்றில் உள்ள தாதுச்சத்து நீங்கள் போடும் ஒரு கரண்டி அளவில் கணக்கில் எடுக்கத்தக்கதல்ல. சர்க்கரை மட்டும் முழுதாகப் போய்ச் சேரும். ‘இயற்கையானது’ என்ற தைரியத்தில் ஒரு கரண்டிக்கு இரண்டு போடுவதுதான் நடக்கிறது.

கேழ்வரகு நல்ல தானியம். சுண்ணாம்புச்சத்து நிறைய, நார்ச்சத்து அரிசியைவிட அதிகம். ஆனால் 100 கிராம் மாவில் மாவுச்சத்து 65 முதல் 70 கிராம். அதை நைசாக அரைத்து, தண்ணீரில் நெடுநேரம் காய்ச்சிக் கஞ்சியாக்கினால் குடல் செய்ய வேண்டிய வேலையை அடுப்பே பாதி செய்துவிடுகிறது. சர்க்கரை வேகமாக ஏறும். அதே மாவை முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்து அடையாகத் தட்டுங்கள், ஒரு வேளைக்கு 40 கிராம் மாவு. ஓட்ஸும் அப்படித்தான். உடனடி ஓட்ஸ் கஞ்சியைவிட, முழுசாக அல்லது கனமாகத் தட்டிய ஓட்ஸ் மேல்.

கேள்வி: வீட்டில் எல்லாரும் சுத்த சைவம். புரதம் சேர்க்கச் சொல்கிறார்கள். சாம்பார் தினமும் வைக்கிறோமே, அது போதாதா?
– வாசகி, பொங்கோல்

பதில்: தண்ணீராக வைத்த ஒரு கரண்டி சாம்பாரில் 2, 3 கிராம் புரதம் தேறினால் பெரிது. வேகவைத்த கெட்டிப் பருப்பு 100 கிராமில் 8, 9 கிராம் புரதம் உண்டு. கூடவே 20 கிராம் மாவுச்சத்தும் உண்டு என்பதால் பருப்பைக் கூட்டும்போது சோற்றைக் குறைக்க வேண்டும். சிங்கப்பூரில் நமக்குப் பக்கத்திலேயே இரண்டு நல்ல பொருள்கள் கிடைக்கின்றன, நம் வீடுகளில் ஏனோ அவற்றை அதிகம் வாங்குவதில்லை. ஒன்று தவ்குவா எனும் சோயாக் கட்டி, மற்றொன்று தெம்பே எனும் புளிக்கவைத்த சோயா. கெட்டியான தவ்குவா 100 கிராமில் 12 முதல் 15 கிராம், தெம்பேயில் 19 கிராமுக்குப் பக்கம். இரண்டிலும் மாவுச்சத்து குறைவு. தவ்குவாவைத் துணியில் 15 நிமிடம் அழுத்தித் தண்ணீரை வடித்து, சிறு துண்டாக்கி, மிளகு, சோம்பு, கறிவேப்பிலையோடு சுக்காவாக வதக்கலாம். அழுத்தாமல் போட்டால் சட்டியில் தண்ணீர் விட்டுப் பிசுபிசுத்துப் போகும். சந்தையில் பொரித்தே விற்கும் வகையை வாங்க வேண்டாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் புரத அளவை அவரிடம் கேட்ட பிறகே கூட்டுங்கள்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறார் மகன். மூட்டு வலி, வெயில், மழை என்று வாரத்தில் பாதி நாள் தவறிவிடுகிறது. வேறு வழி இருக்கிறதா?
– வாசகர், 67, தோ பாயோ

பதில்: 10,000 என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து வந்ததல்ல. 1960களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக் கருவியின் பெயர் அது. நடக்க முடிந்தவர்கள் நடக்கட்டும். உங்களுக்கு எத்தனை அடி என்பதைவிட எப்போது என்பது முக்கியம்.

சாப்பிடத் தொடங்கி 1 முதல் 1½ மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சத்தைத் தொடும். அந்த நேரத்தில் கால் தசைகள் வேலை செய்தால் அவை இன்சுலினுக்குக் காத்திராமலேயே இரத்தத்திலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது பின்வாசல் திறந்த மாதிரி. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்த நாள்களைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்த நாள்களில் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 விழுக்காடு குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 விழுக்காடு. இரவில்தான் நாம் அதிகம் சாப்பிட்டு உடனே உட்காருகிறோம், அல்லது படுக்கிறோம்.

ஆகவே சாப்பிட்டுக் கை கழுவி, 15 நிமிடத்துக்குள் கிளம்புங்கள். வெயிலும் மழையும் ஒரு காரணமே இல்லாத இடம் உங்கள் புளோக்கின் கீழ்த்தளம். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டு வாசல் நடைபாதையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 10 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியாத வேகம், அது போதும். மூன்று வேளையும் 10 நிமிடம் என்றால் வாரத்துக்கு 210 நிமிடம், பரிந்துரைக்கப்படும் 150ஐத் தாண்டிவிடுகிறது. நடக்கவே முடியாத நாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடி முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், தொலைக்காட்சிச் செய்தி முடியும் வரை. உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் 30 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து 3 நிமிடம் நடப்பதும் இதே கணக்கில் சேரும்.

மூட்டு வலிக்கு நடையைக் குறைப்பது மட்டும் போதாது, தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும். குளுக்கோசைச் சேமிக்கும் பெரிய கிடங்கும் அதுதான். கைப்பிடி உள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதத்தை இடுப்பகலம் விரித்து, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து எழுந்து, 3 வரை எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள். 10 முறை, 2 நிமிட ஓய்வு, மறுபடி 10. வாரம் 2 அல்லது 3 நாள். முட்டி வலித்தால் நாற்காலியில் கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயன் போய்விடும், முதுகும் பிடித்துக்கொள்ளும். மூச்சை அடக்காதீர்கள், எழும்போது விடுங்கள். கண் விழித்திரையில் இரத்தக் கசிவு இருப்பதாகச் சொல்லியிருந்தால் பளு தூக்கும் பயிற்சிக்கு முன் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்தால் நின்றுவிடுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கட்டுமான வேலை. வயது 38. கேட்டரிங் சாப்பாடு, டப்பா நிறையச் சோறு, கொஞ்சம் சாம்பார், கொஞ்சம் கோசு. இரவு 9.30க்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். வெறும் வயிற்றில் 8.9 காட்டியது. இவ்வளவு உழைக்கிறவனுக்கு எப்படி வந்தது? மருத்துவரிடம் போனால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், தங்குவிடுதி, துவாஸ்

பதில்: தம்பி, 8.9 என்பது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அளவு. தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தொடக்கத்தில் மாத்திரையே போதுமானதாக இருக்கும். சரியான சிகிச்சையில் இருக்கும் நீரிழிவு உழைப்பைத் தடுப்பதில்லை. கவனிக்காமல் விட்ட நீரிழிவுதான் கண்ணையும் காலையும் பிடிக்கும். வெளிநாட்டு ஊழியர்களுக்கான அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் 2022 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ளது. உங்கள் பகுதிக்கு ஒதுக்கிய மருத்துவ நிலையம் எது என்று விடுதி அலுவலகத்தில் கேட்டுப் போங்கள். மருத்துவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும்: உயரத்தில் ஏறுகிறீர்களா, பாரந்தூக்கி அல்லது லாரி ஓட்டுகிறீர்களா என்பது. சில மாத்திரைகள் சர்க்கரையைத் தடாலென்று இறக்கக்கூடியவை. வேலையைத் தெரிந்துகொண்டால் அதற்கு ஏற்றதை எழுதித் தருவார்.

உழைப்பு உங்களைக் காப்பாற்றவில்லை என்று நினைக்க வேண்டாம்; அது இல்லாவிட்டால் அளவு இன்னும் மேலே போயிருக்கும். பரம்பரை, தூக்கக் குறைவு, ஒரே நேரத்தில் ஏறும் பெரிய சோற்றுக்குவியல், அதற்குப் பின் அசையாமல் படுப்பது எல்லாம் சேர்ந்த விளைவு இது. டப்பாவை மாற்ற முடியாவிட்டாலும் சாப்பிடும் விதத்தை மாற்றலாம். மூடியைத் திறந்ததும் சோற்றில் மூன்றில் ஒரு பங்கை ஓரமாக ஒதுக்கிவிடுங்கள், பிறகு ஒதுக்கலாம் என்றால் முடியாது. கோசையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள். விடுதிக் கடையில் 2 முட்டை வாங்கி அவித்துக்கொள்ளலாம். டின் மத்தி மீன், வெள்ளரிக்காய், தக்காளி எல்லாம் சமைக்க நேரம் கேட்காதவை. காலையிலேயே வந்த டப்பாவை, அது சமைக்கப்பட்டதிலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெயிலில் வைத்த சோறு வயிற்றைக் கெடுக்கும், வாந்தி பேதி வந்தால் சர்க்கரையும் நிலையில்லாமல் போகும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் விடுதி வளாகத்தில் 10 நிமிடம் நடந்தபடியே ஊருக்குப் போன் பேசுங்கள்.

தாகத்துக்குத் தண்ணீர்தான். 100 மில்லிக்கு 10 கிராம் சீனி உள்ள எனர்ஜி பானம் 250 மில்லி டின் ஒன்றில் 25 கிராம் போகும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் திடீரென்று கூடினால் வெயில் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்; அது சர்க்கரை மிக ஏறியதன் அடையாளமாக இருக்கலாம்.

கேள்வி: தைப்பூசத்துக்கு விரதமிருந்து பால்குடம் எடுப்பது வழக்கம். இப்போது மெட்ஃபார்மினும் கிளிபிசைடும் சாப்பிடுகிறேன். விரதம் இருக்கலாமா?
– வாசகி, 54, தெம்பனிஸ்

பதில்: இருக்கலாம், ஆனால் விரதம் தொடங்க ஒரு மாதமாவது இருக்கும்போது மருத்துவரைப் பார்த்து எந்த வேளை எந்த மாத்திரை என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகே. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை தாழ்வது அரிது. கிளிபிசைடு, கிளிக்ளசைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியல்ல. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அவை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையை மட்டும் போட்டுவிட்டு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதுதான் மிக ஆபத்தான தவறு. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு கவலை: நீண்ட பட்டினியில் இரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் நேரே மருத்துவமனை.

சர்க்கரை 4.0க்குக் கீழ் இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சு குழறும். அந்த நிமிடமே விரதத்தை முறித்துவிட வேண்டும். சீனி 3 தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், அதில் 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், இன்னும் 4.0க்குக் கீழ் என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஒரு வாழைப்பழமோ 2 இட்லியோ சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் மீண்டும் இறங்கும். சாக்லெட் உதவாது, அதன் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 995ஐ அழையுங்கள். அளவு 16ஐத் தாண்டினாலும் விரதத்தை நிறுத்த வேண்டும். ரமலான் நோன்பிருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். விரலில் குத்தி அளப்பதால் நோன்பு முறியாது என்பதே பரவலாகச் சொல்லப்படும் மார்க்க அறிவுரை, ஆகவே அளக்கத் தயங்க வேண்டாம்.

விரதச் சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். ஒருவேளை உணவு என்று சொல்லி அந்த ஒரு வேளையில் சர்க்கரைப் பொங்கல், ஜவ்வரிசிப் பாயசம், வாழைப்பழம் என்று அடுக்கினால் மாலையில் 15ஐத் தொடும். ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. சுண்டல், மோர், கீரை, பருப்புக் கூட்டு எல்லாம் விரதத்துக்கு ஆகும் உணவுகள்தான்.

பால்குடத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை வெறுங்காலோடு நடப்பீர்கள். நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மெல்லக் குறைந்திருக்கலாம், அது உங்களுக்கே தெரிந்திருக்காது. வெயிலில் தார்ச்சாலை கொப்புளம் போட்டாலும் வலிக்காது. எனவே முன்கூட்டியே பலதுறை மருந்தகத்தில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி குறைவு என்றால் பாதத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை மீற வேண்டாம். வெயிலுக்கு முந்திய அதிகாலை நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூட வருபவர் கையில் அளவுகருவி, சீனித் தண்ணீர், உங்கள் மாத்திரைப் பட்டியல் மூன்றும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குவரை துடைத்து, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளத்தைக் குத்த வேண்டாம்.

கேள்வி: இரவு படுக்கும்போது 7.2. காலையில் எதுவும் சாப்பிடாமலேயே 8.5. கருவி பழுதா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: கருவி சரியாகவே இருக்கலாம். விடியற்காலையில் உடல் விழிப்பதற்காகச் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலில் சேமித்த குளுக்கோசை வெளியே விடச் செய்யும். நீரிழிவு இல்லாதவருக்கு இன்சுலின் அதைச் சமாளித்துவிடும், உள்ளவருக்கு அளவு ஏறி நிற்கும். இரவு தாமதமாகச் சாப்பிட்ட பிரியாணியும் பிராட்டாவும்கூட இதைச் செய்யும். அவற்றின் கொழுப்பு செரிமானத்தை நள்ளிரவு வரை இழுக்கும். இன்சுலினோ கிளிபிசைடு வகை மாத்திரையோ எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்டு ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு அளந்து பாருங்கள். அப்போது தாழ்ந்திருந்தால் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

அளக்கும் முறையையும் ஒரு முறை சரிபாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். பழம் உரித்த விரலில் குத்தினால் பொய்யாக ஏறிக் காட்டும். ஈரமான விரலில் இரத்தம் நீர்த்துக் குறைவாகக் காட்டும். கருவியில் செருகும் பரிசோதனைப் பட்டையை வைக்கும் புட்டியை உடனுக்குடன் மூடிவிடுங்கள், நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடந்த பட்டை கெட்டுப்போகும். காலாவதி நாளையும் பாருங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பிதுக்கிப் பிதுக்கி எடுக்காதீர்கள்.

வெறும் வயிற்று அளவை மட்டும் தினமும் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வாரத்தில் 3 நாள், ஒரே சாப்பாட்டுக்கு முன்னும், முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்தும் அளந்து, என்ன சாப்பிட்டீர்கள், பிறகு நடந்தீர்களா என்று பக்கத்தில் எழுதுங்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 4.0 முதல் 7.0, பின் 10க்குக் கீழ் என்பது பலருக்கு இலக்கு. முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும். ஒரு நாள் 4 இட்லி, மறு வாரம் 2 இட்லியும் முட்டையும், அதற்கடுத்த வாரம் அதோடு 10 நிமிட நடை என்று வைத்துப் பாருங்கள். மூன்று வாரத் தாளை அடுத்த முறை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதா, சாப்பாட்டை மாற்றுவதா என்று முடிவெடுக்க உங்கள் மருத்துவருக்கு அந்தத் தாள் தேவைப்படும்.